கேளுங்கள், சொல்கிறேன்: டெக்சாஸ் கிராமக் கவுண்டிகளில் காவல், நீதிமன்ற ஆவணங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்த்த என் மகன் சென்ற ஆண்டு எல் பாசோவிலிருந்து திரும்பும்போது, ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கு டெக்சாஸின் ஒரு சிறிய கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நடந்த விபத்தில் இறந்துவிட்டான். நண்பர்கள்தான் உடலை அனுப்பிவைத்தார்கள். எங்களிடம் இருப்பது இறப்புச் சான்றிதழ் மட்டும். அந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதி, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வழக்கின் எல்லா ஆவணங்களும் வேண்டும் என்று கேட்டேன். "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எதையாவது மறைக்கிறார்களா?
— பெயர் வெளியிட வேண்டாம் என்ற தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, அவர்கள் எழுதியது அநேகமாக உண்மைதான். ஆனால் "எங்களிடம் இல்லை" என்றவர், யாரிடம் இருக்கிறது என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். மகனை இழந்த தாய்க்கு அந்த வரியை எழுதாமல் விட்டது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. அதை நான் எழுதுகிறேன். சான் அன்டோனியோவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 19 ஆண்டுகள் நான் செய்தது இந்த ஆவணம் தேடும் வேலைதான்.

நம் ஊரில் விபத்து என்றால் எல்லாத் தாளும் ஒரு காவல் நிலையத்தைச் சுற்றியே இருக்கும். டெக்சாஸில் எஃப்.ஐ.ஆர். என்று ஒரு தாளே கிடையாது. ஒரே விபத்தின் காகிதங்கள் வெவ்வேறு அலுவலகங்களில் கிடக்கின்றன. ஓர் அலுவலகம் அடுத்த அலுவலகத்துக்காகப் பேசாது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டுவிட்டீர்கள்.

கிராமப்புற நெடுஞ்சாலை விபத்தைப் பெரும்பாலும் ஷெரிஃப் விசாரிப்பதில்லை. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் நெடுஞ்சாலைக் காவலர் விசாரிப்பார். அவர் எழுதுவது சி.ஆர்.-3 என்ற விபத்து அறிக்கை. விபத்து நடந்த 10 நாட்களுக்குள் அவர் அதை அனுப்பிவிட வேண்டும். அது மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் இருக்கும். அவர்களுடைய இணையதளத்திலேயே சாதாரணப் பிரதிக்கு 6 டாலர், சான்றளித்த பிரதிக்கு 8 டாலர் கட்டி வாங்கலாம். இந்த அறிக்கை எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ஓட்டுநரின் பெற்றோரும், மரணத்துக்காக வழக்குத் தொடரும் உரிமை உள்ளவர்களும் சட்டம் தந்திருக்கும் பட்டியலில் இருக்கிறார்கள். காப்பீட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் இதை முதலில் வாங்கிவிடுங்கள். இத்தகைய வழக்குக்கு டெக்சாஸில் பொதுவாக இரண்டே ஆண்டுகள்தான் அவகாசம். உங்களுக்கு ஓராண்டு போய்விட்டது.

அடுத்ததுதான் பெரும்பாலானோர் கேட்காமலேயே விட்டுவிடுவது. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் மரணங்களை ஆராயும் மருத்துவ ஆய்வு அதிகாரி கிடையாது. அங்கெல்லாம் மரண விசாரணை செய்பவர் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், எல்லோரும் சொல்வது போல ஜே.பி., என்ற அடிமட்ட நீதிபதி. அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. நள்ளிரவானாலும் சாலையோரத்துக்கு அவரைத்தான் அழைப்பார்கள். பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று தீர்மானிப்பவர் அவரே. வேண்டும் என்றால் உடல் வேறொரு பெரிய ஊருக்குப் போகும், அறிக்கை இவருக்குத் திரும்பி வரும். நீங்கள் தேடும் பிரேதப் பரிசோதனை அறிக்கை, அப்படி ஒன்று நடந்திருந்தால், இவருடைய அலமாரியில்தான் இருக்கும்.

அவரிடம் மரண விசாரணைப் பதிவையும் கேளுங்கள். நான் பார்த்தவற்றில் பல ஒரே பக்கம்தான். சில கையெழுத்தில் இருந்தன. எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தார், எந்த நிலையில் பார்த்தார், எப்போது மரணத்தை அறிவித்தார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த பெற்றோர் யாரும் முதலில் நஷ்ட ஈட்டைப் பற்றிக் கேட்டதில்லை அம்மா. என் பிள்ளை எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தான் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை இந்த ஒரு பக்கத்திலும், ஷெரிஃப் அலுவலகத்தின் அழைப்புப் பதிவேட்டிலும்தான் இருக்கிறது.

ஆகவே ஷெரிஃபுக்கு மறுபடியும் எழுதுங்கள், "எல்லா ஆவணங்களும்" என்ற சொல் இல்லாமல். சிறிய கவுண்டியில் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்பவர் பெரும்பாலும் ஷெரிஃபின் ஆள்தான். "இந்தத் தேதியில், ஐ-10-இல் இந்த மைல்கல் அருகே நடந்த விபத்து தொடர்பான 911 ஒலிப்பதிவும், அழைப்புப் பதிவேடும் வேண்டும்" என்று எழுதுங்கள். மைல்கல் எண் சி.ஆர்.-3-இல் இருக்கும். ஒலிப்பதிவை அவர்கள் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள், இன்றே எழுதுங்கள். நெடுஞ்சாலைக் காவலரின் உடல் கேமரா காட்சி வேண்டுமென்றால் பொதுப் பாதுகாப்புத் துறையைக் கேட்க வேண்டும். தேதியும் ஏறக்குறைய நேரமும், சரியான இடம், காட்சியில் இருப்பதாகத் தெரிந்த ஒருவரின் பெயர் ஆகிய மூன்றும் கடிதத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

இந்தக் கடிதங்கள் டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் போகின்றன. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்றதுதான், ஆனால் வெளிநாட்டவரும் கேட்கலாம். எதற்காக என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. தர மறுக்க விரும்பினால், பொதுவாக அவர்களே 10 வேலை நாட்களுக்குள் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கலங்காதீர்கள். உங்கள் தரப்பை நீங்களும் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதலாம். ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். செலவு 40 டாலரைத் தாண்டும் என்று மதிப்பீடு அனுப்பினால், 10 வேலை நாட்களுக்குள் பதில் எழுதாவிட்டால் உங்கள் கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். நியாயமான கோரிக்கைகள் இப்படி இறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். மின்னஞ்சலின் ஸ்பாம் பகுதியைத் தினமும் பாருங்கள்.

ஜே.பி.க்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஏனெனில் அவர் நீதித்துறை. அங்கே 10 நாள் கணக்கு இல்லை. அவருக்குத் தனியாக, மரியாதையாக, நீங்கள் தாய் என்று முதல் வரியிலேயே சொல்லி எழுதுங்கள். பாஸ்போர்ட் நகலும், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் இணைத்தால் இரண்டாவது கடிதம் தேவைப்படாமல் போகலாம்.

வேறு ஓட்டுநர் மீது குற்றச்சாட்டு பதிவாகியிருந்தால் அது நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க்கிடம் இருக்கும். 8,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளில் மாவட்ட நீதிமன்றத்துக்கும் கவுண்டி நீதிமன்றத்துக்கும் ஒரே கிளார்க் இருக்கலாம். அந்த வகையில் சிறிய கவுண்டி உங்களுக்கு வசதி. ஒரே கடிதம் போதும்.

கேள்வி: 2014-இல் வேறொரு சிறிய கவுண்டியில் மது அருந்தி வண்டி ஓட்டியதாக என்னைக் கைது செய்தார்கள். பிறகு வழக்கு தள்ளுபடி ஆனது. இப்போது கிரீன் கார்டுக்கு ஆவணம் கேட்கிறார்கள். பதிவையே அழித்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், ஆஸ்டின்

பதில்: தம்பி, முதலில் சான்றளித்த பிரதிகள் கைக்கு வரட்டும். அதற்கு முன் எதையும் அழிக்காதீர்கள். பதிவு அழிப்பு ஆணை வந்த பிறகு கிளார்க்கால் தர எதுவும் இருக்காது. குடியேற்றத் துறையோ அழித்த வழக்கையும் கேட்கும். அப்போது கையில் எதுவும் இல்லாமல் நிற்பீர்கள். முதல் முறை மது வழக்கு பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றத்தில்தான் நடக்கும். ஆகவே கவுண்டி கிளார்க்கிடம் குற்றச்சாட்டுத் தாள், தள்ளுபடி ஆணை இரண்டின் சான்றளித்த பிரதிகளைக் கேளுங்கள். கைது மட்டும் நடந்து வழக்கே பதிவாகவில்லை என்று தெரியவந்தால், "பதிவு எதுவும் இல்லை" என்று கிளார்க்கிடமும், குற்றச்சாட்டு தாக்கல் செய்யவில்லை என்று அரசு வழக்கறிஞரிடமும் கடிதம் வாங்குங்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதில் ஒரு சொல் தவறினாலும் விலை அதிகம்.

கேள்வி: மேற்கு டெக்சாஸின் ஒரு சிறிய கவுண்டி நீதிமன்ற அலுவலகத்துக்கு எட்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். ஒருமுறைதான் எடுத்தார்கள், என் உச்சரிப்பைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நேரில் போகவா?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அப்படி நடந்திருந்தால் அது தவறு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் நேரில் போவதற்கு முன் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியில் இருந்தவர்கள் 64 பேர். கல்பர்சன் கவுண்டியில் 2,188 பேர். இத்தகைய இடத்தில் நீதிபதி அமரும் நாளில் கிளார்க் நீதிமன்றத்துக்குள் இருப்பார், மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். மதியம் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நேரக் கணக்கும் குழப்பும்: எல் பாசோ, ஹட்ஸ்பெத் கவுண்டிகள் மலை நேரம் என்ற நேர மண்டலத்தில் இயங்குகின்றன, டெக்சாஸின் மற்ற பகுதி மத்திய நேரம் என்ற மண்டலத்தில். நீங்கள் நியூ ஜெர்சியில் காலை 9 மணிக்கு அழைத்தால் ஹட்ஸ்பெத்தில் மணி 7.

தபாலில் எழுதுங்கள். வழக்கு எண் தெரிந்தால் அது, தெரியாவிட்டால் முழுப்பெயர், பிறந்த தேதி, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பிரதிக்குப் பொதுவாகப் பக்கத்துக்கு ஒரு டாலர். முன்கூட்டியே எத்தனை பக்கம் என்று தெரியாதபோது, தொகையை எழுதித் தெரிவிக்கும்படி கேட்டு, தபால்தலை ஒட்டிய உங்கள் முகவரி உறையையும் உள்ளே வையுங்கள். தொகை தெரிந்ததும் மணி ஆர்டராக அனுப்புங்கள். சொந்தக் காசோலையைப் பல கவுண்டிகள் ஏற்பதில்லை.