விட்ட நாளைப் பிடிக்க ஓடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலை. நான் டிகிரி முடித்து குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். காலை 4 மணிக்கு அலாரம், சுவரில் டைம்டேபிள், தினம் 4 மணி நேரப் படிப்பு என்று நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வரும். விட்டதையும் சேர்த்து மறுநாள் 8 மணி நேரம் படிக்க நினைப்பேன். அன்று புத்தகத்தையே தொடமாட்டேன். நான் சோம்பேறியா? 21 நாளில் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, எனக்கு ஏன் ஆகவில்லை? நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

ஆப் வேண்டாம். இரவு 12 வரை விழித்திருந்தால் 4 மணி அலாரமும் வேண்டாம். சோம்பேறியா என்ற ஆராய்ச்சியையும் விடுங்கள். புத்தகத்தைக் கண்டதும் வயிற்றைக் கலக்குகிறது, அதிலிருந்து தப்பிக்கக் கை போனைத் தேடுகிறது, அவ்வளவுதான்.

அந்த 21 நாள் கதை: மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். சொல்லிச் சொல்லி 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துக் கணக்கிட்டார்கள். பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை, நடுவில் 66. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

நீங்களோ அந்த ஒரு நாளுக்காக எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறீர்கள். நான் வெகுநாளாகச் சொல்ல நினைத்ததும் இதைத்தான். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா?

அப்பா ஏன் விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறார்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய், பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் தளரும், பால் குறையும். வெட்டு ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வெட்டுக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே கத்தி நின்றுவிட வேண்டும். ஆழம் போனால் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மழையில் நாலு வெட்டு போனதென்று மழை விட்ட நாளில் ஒரே மரத்தை நாலு தடவை சீவுவாரா? அளவு மீறி வெட்டிக்கொண்டே போனால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். மழைக்கு முன்பே பிளாஸ்டிக் மறைப்பு கட்டி, இழப்பைக் குறைக்கத்தான் பார்ப்பார்.

4 மணி நேரத்துக்கே பயந்தவர் 8 மணி நேரத்துக்கு எப்படி உட்காருவார்? அன்றும் போய்விடும், மறுநாள் கணக்கு 12 ஆகும். இந்த ஏறுகணக்குதான் உங்களைப் புத்தகத்திடமிருந்து துரத்துகிறது. விட்டது விட்டதுதான். மறுநாள் வழக்கமான அளவு, ஒரு நிமிடம்கூட அதிகம் வேண்டாம்.

அளவு இப்போதைக்கு 45 நிமிடம். 'நாளை தமிழ் படிப்பேன்' என்று எழுதினால் நடக்காது. 'இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் ஜன்னலோர மேசையில் பத்தாம் வகுப்புத் தமிழ், இயல் 3' என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எது என்று முன்பே முடிச்சுப் போட்டவர்கள்தான் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் தெரிந்தது. போன் அடுக்களையில் சார்ஜில் கிடக்கட்டும். முதல் 10 நிமிடம் நேற்றுப் படித்ததிலிருந்து 10 கேள்விக்குப் புத்தகம் பாராமல் விடை எழுதுங்கள். எழுந்திருக்கும்போது நாளைய பக்கத்தில் முதல் கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதிச் செருகிவிட்டால், நாளைக்கு எங்கே தொடங்குவதென்று யோசிக்க வேண்டியிருக்காது.

தமிழிலிருந்தே தொடங்குங்கள். 200 கேள்வியில் 100 அது. அதில் 60 மதிப்பெண் இல்லாவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கு தினம் ஐந்து போதும்.

கல்யாணம், காய்ச்சல், கரண்ட் இல்லாத நாள் வந்தால் அந்த 10 கேள்வி மட்டும். அதுவும் முடியாவிட்டால் காலண்டரில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கட்டும், பின்னால் நிரப்பாதீர்கள். இன்று இரவு எழுதப்போகும் 10 கேள்வி எவை என்று எனக்கு அனுப்புங்கள், தம்பி.