ஸ்பிரிங் மாத்தினதும் டயர் தேயுதா? வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: சார், கார்ல நாலு பக்கமும் லோயரிங் ஸ்பிரிங்கும் (வண்டி உயரத்தை குறைக்கிற ஸ்பிரிங்) வேற கம்பெனி ஷாக் அப்சார்பரும் போட்டேன். வளைவுல சாயாம சூப்பரா போகுது. ஆனா ஸ்டீரிங்கை கொஞ்சம் இடது பக்கம் திருப்பி புடிச்சாதான் வண்டி நேரா போகுது, முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேய ஆரம்பிச்சிருச்சு. அலைன்மென்ட் கடையில டோ (மேல இருந்து பார்த்தா வீலோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு) செட் பண்ணிட்டோம், கேம்பரை (முன்னாடி இருந்து பார்த்தா வீல் சாய்ஞ்சு நிக்கிற அளவு) உங்க வண்டியில அட்ஜஸ்ட் பண்ண முடியாது, இறக்கினா இப்படித்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பழைய ஸ்பிரிங்கையே திரும்ப போட்டுடவா?

பதில்: வேணாம், அவசரப்பட்டு கழட்டாதீங்க. அலைன்மென்ட் பண்ணப்போ பிரிண்ட் அவுட் குடுத்தாங்களா? செட் பண்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்ன ஆச்சுன்னு நாலு வீலுக்கும் நம்பர் போட்ட பேப்பர். அது கையில இல்லாம யார் என்ன சொன்னாலும் ஊகம்தான், நான் சொல்றதையும் சேர்த்து. பேப்பர் வந்ததும் ஒண்ணு கவனிங்க, 0°30' னு இருந்தா அது 30 மினிட், அதாவது அரை டிகிரி, 0.30° னு இருந்தா அது 18 மினிட்தான், ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு கம்பெனி அளவோட ஒப்பிட்டு சரியா இருக்குன்னு நம்பிடறவங்க நிறைய.

வண்டி இறங்கினா வீலோட மேல்பக்கம் உள்ள சாயும், அதுதான் நெகட்டிவ் கேம்பர், உங்க கடைக்காரர் சொன்னதுல அது வரைக்கும் உண்மை. ஆனா டயரை வேகமா தின்றது பெரும்பாலும் கேம்பர் இல்ல, டோ. உயரம் மாறினா டை ராட் (ஸ்டீரிங்கை வீலோட இணைக்கிற தண்டு) நிக்கிற கோணமும் மாறும், அதுல சில வண்டியில வீலோட முன்பக்கம் உள்ள திரும்பும், சிலதுல வெளிய திரும்பும். ஒரு டயர் அரை டிகிரி திரும்பி நின்னாலே 1 கிலோமீட்டர் ஓடும்போது 8 மீட்டருக்கு மேல பக்கவாட்டுல இழுபட்டுக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். வெளிய திரும்பின டோவும் நெகட்டிவ் கேம்பரும் ஒண்ணா சேர்ந்தா உள்பக்கம் சீக்கிரமே போயிடும்.

இப்பவே கையால பார்க்கலாம். வண்டியை நிறுத்திட்டு ட்ரெட் (டயர் தரையில படுற பரப்பு) மேல உள்ளங்கையை உள்ள இருந்து வெளிய ஒரு தடவை, வெளிய இருந்து உள்ள ஒரு தடவை தடவுங்க, கம்பி வெளிய வந்திருந்தா கை வைக்காதீங்க. ஒரு பக்கம் போகும்போது வழுவழுன்னும் திரும்பி வரும்போது அரம் மாதிரி கையை புடிச்சும் இருந்தா அது டோ. ரெண்டு பக்கமும் வழுவழுப்பா, உள் ஓரம் மட்டும் மொழுக்குன்னு இருந்தா கேம்பரை சந்தேகப்படலாம்.

கேம்பர் அட்ஜஸ்ட் பண்ணவே முடியாதுங்கிறதை அப்படியே ஏத்துக்காதீங்க. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளோட (வீலை தாங்குற பாகம்) சேர்ற இடத்துல ரெண்டு போல்ட் இருக்கிற வண்டின்னா அதுக்கு கேம்பர் போல்ட் (சாய்வை திருத்தற போல்ட்) கிடைக்குதான்னு கேளுங்க, நிறைய மாடலுக்கு இருக்கு, ஒரு டிகிரிக்கு மேல கூட திருத்தலாம். அந்த போல்ட்டை கழட்டி மாட்டினாலே ஓட்டையில இருக்கிற கொஞ்ச இடைவெளியில கேம்பர் நகர்ந்துடும், அதனால பேப்பர்ல இடது வலது கேம்பர் வித்தியாசமா இருந்தா அது ஸ்பிரிங்கால வந்ததுன்னு சொல்லிட முடியாது, ஃபிட்டிங்ல கூட வந்திருக்கலாம்.

ஸ்டீரிங் கோணலா நிக்குதுன்னா டோ செட் பண்ணும்போது ஸ்டீரிங்கை நடுவுல லாக் பண்ணாம விட்டிருக்கலாம், இல்ல பின் வீல் ரெண்டும் சேர்ந்து ஒரு பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கலாம். பின்னாடி கோணலா இருந்தா முன்னாடி எவ்வளவு திருப்பினாலும் தீராது. அதனால மறுபடி போகும்போது நாலு வீலும் பார்க்க சொல்லுங்க, முதல்ல பின்பக்கம், அப்புறம் முன் கேம்பர், கடைசியா முன் டோ. வரிசையை மாத்தினா கேம்பரை தொட்டதும் டோ கலைஞ்சுடும், காசும் நேரமும் வீண். வண்டியை அலைன்மென்ட் மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி டயர்ல காத்து சரியா இருக்கணும், பால் ஜாயின்ட் (வீல் திரும்ப உதவுற உருண்டை மூட்டு), டை ராட் என்ட்ல ஆட்டம் இருக்கக்கூடாது.

இதை ஃபிட்டர்கிட்ட தயவுசெஞ்சு கேளுங்க: லோயர் ஆர்ம் (வீலை வண்டியோட கீழ்ப்பக்கம் இணைக்கிற கை) புஷ் (அதுல இருக்கிற ரப்பர் மூட்டு) போல்ட்டை லூஸ் பண்ணியிருந்தா வண்டியை கீழ இறக்கி எடை விழுந்த பிறகு டைட் பண்ணாங்களா, வீல் தொங்கும்போதே பண்ணாங்களா? தொங்கும்போது டைட் பண்ணா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், உயரமும் சரியா உக்காராது, புஷ் சீக்கிரம் கிழியும். அப்படி இருந்தா தரையில வச்சு லூஸ் பண்ணி திரும்ப டைட் பண்ணிட்டு அப்புறம் அலைன்மென்ட்.

கேள்வி: புது ஸ்பிரிங் உக்கார்ற வரைக்கும் அலைன்மென்ட் பண்ணாம ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க. போட்ட உடனே டோவையாவது செட் பண்ணிடுங்க, சில நூறு கிலோமீட்டர் ஓடி உக்கார்ந்த பிறகு முழுசா ஒரு தடவை பாருங்க. ரெண்டு தடவை காசு குடுக்கணுமான்னு வலிக்கும், ஆனா ரெண்டு டயர் விலையோட பார்த்தா கம்மி.

கேள்வி: கேம்பர், டோ எல்லாம் சரியா இருக்கு, ஆனாலும் ஒரு பக்கமா இழுக்குது. ஏன்?

பதில்: டயரோட திசைக்குறி (எந்தப் பக்கம் சுத்தணும்னு காட்டற அம்பு) ஒத்துவந்தா, முன் டயர் ரெண்டையும் இடம் மாத்தி போட்டு ஓட்டிப் பாருங்க. இழுக்கிற பக்கம் மாறிடுச்சுன்னா டயர்தான் காரணம். மாறலன்னா காஸ்டர் (பக்கத்துல இருந்து பார்த்தா ஸ்டீரிங் திரும்பற அச்சு முன்பின்னா சாய்ஞ்சிருக்கிற கோணம்) இடதும் வலதும் எவ்வளவுன்னு பாருங்க, கம்மியா இருக்கிற பக்கம் இழுக்கும். அதுவும் சமமா இருந்தா ஒரு பக்க பிரேக் புடிச்சுக்கிட்டு இருக்கான்னு கொஞ்ச தூரம் ஓட்டின பிறகு வீல் சூட்டை பாருங்க, டிஸ்க்கை மட்டும் தொட்டுடாதீங்க.