சேலம் கோயில் சுற்று: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடமாக எங்கள் தெருக்காரர்களையும் சொந்தக்காரர்களையும் வேன் பிடித்துக் கூட்டிப்போகிற வேலை என் தலையில்தான் விழுகிறது. அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து 18 பேர் வருகிறோம், அண்ணா. ஒரே நாள். 9 கோயில் பட்டியல் போட்டிருக்கிறோம். முடியுமா?

முடியாது. பெரும்பாலான கோயில்களில் மதியம் 12, 12.30க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 18 பேர் செருப்பை விட்டு, அர்ச்சனைத் தட்டு வாங்கி, கும்பிட்டுத் திரும்ப ஒரு கோயிலுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒருமுறை 22 பேரோடு பெரிய கோயில் ஒன்றுக்கு 12.40க்குப் போய் இறங்கினேன். கதவு சாத்திவிட்டார்கள். பிழை என்னுடையதுதான், வழியில் டீக்கு நிறுத்தினேன். மூன்றரை மணி நேரம் மதில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். என் மாமியார் இன்னும் அதை மறக்கவில்லை.

காலை 7 மணிக்குப் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இறங்குங்கள். கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர், சுகவனேஸ்வரர் மூன்றும் அந்த வட்டாரத்துக்குள்ளேயே இருக்கின்றன. சுகம் என்றால் கிளி. சுக முனிவர் கிளி உருவில் வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலமும்கூட. 11 மணிக்குள் முடித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுங்கள். மாலைக்குத் தாரமங்கலம் ஒன்று போதும். மற்ற ஐந்தையும் அடித்துவிடுங்கள்.

ஊரெல்லாம் கோயில் இருக்க, தாரமங்கலத்துக்கு 30 கிலோமீட்டர் போகத்தான் வேண்டுமா?

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால்கூட அதைத்தான் சொல்வேன். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில், மேற்கு பார்த்த சன்னதி. தூண்களை அவசரமில்லாமல் பாருங்கள். ராமன் மறைந்து நின்று அம்பு விடுகிற தூணருகே நின்றால் தூரத்துத் தூணில் வாலியும் சுக்ரீவனும் தெரிவார்கள். வாலியிடம் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். குழுவை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி நிற்க வையுங்கள். செல்போனை நோண்டுகிற பிள்ளைகள்கூட ஓடி ஓடிப் பார்ப்பார்கள். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை, கல்லிலேயே கோத்த சங்கிலி எல்லாம் உண்டு. விரலை விட்டு உருண்டையை எடுக்கப் பார்க்காத ஆள் எங்கள் குழுவில் இதுவரை யாருமில்லை. எடுக்க முடியாது. வாய்க்குள்ளேயே செதுக்கியது.

ஆடி மாதம் வரலாமா, ஐயா?

கூட்டம் பிடிக்கும் என்றால் தாராளமாக வாருங்கள். பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், பொங்கல் என்று ஊரே அம்மன் வீடாகிவிடும். எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் கோட்டை மாரிதான் பெரியவள். குகை என்கிற பேட்டைப் பக்கம் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். அன்றைக்கு வேனை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். முடியாத பெரியவர்கள் இருந்தால் ஆடியை விட்டுவிடுங்கள்.

எங்கள் அலுவலகக் குழுவில் மூன்று மதத்தாரும் இருக்கிறார்கள். யாரும் சங்கடப்படாமல் எப்படிப் போவது?

கோட்டைப் பகுதியில் திருமணிமுத்தாற்றை ஒட்டிப் பழைய ஜாமியா மசூதி இருக்கிறது. நாலு ரோட்டில் குழந்தை இயேசு பேராலயம். பக்கத்துக் கோயில் ஒன்றையும் சேர்த்தால் மூன்றும் ஒரே காலையில் முடியும். மசூதிக்கு வெள்ளி மதியம் வேண்டாம், தொழுகை இல்லாத நேரத்தில் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பேராலயத்துக்கு ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். இன்னொன்று, உள்ளே வராதவரை வற்புறுத்த வேண்டாம். அவர் வெளியே டீ குடிக்கட்டும், செருப்புக்குக் காவலும் ஆச்சு.

சேலத்தில் முனியப்பன் புத்தர் ஆன கதை உண்மையா?

உண்மைதான், ஆனால் புத்தர்தான் முதலில் முனியப்பன் ஆனார். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று பல காலம் பூசை நடந்துவந்தது. அந்தச் சிலையைத் தொல்லியல் துறை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. அதை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அது புத்தர் சிலை என்று தீர்ப்பளித்தது. பூசை கூடாது, புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னது. தலைமுறையாகக் கும்பிட்டவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அதனால் அங்கே நின்றுகொண்டு சத்தமாக விவாதம் பண்ணாதீர்கள். புத்தரைத் தேடித்தான் வருகிறீர்கள் என்றால் தலைவாசல் பக்கம் தியாகனூருக்கும் போங்கள், அங்கேயும் பழைய சிலைகள் உண்டு. பக்கத்திலேயே ஆறகளூர் காமநாதீஸ்வரர் கோயில்.

மலேசியாவில் இருப்பதைவிட உயரமான முருகன் இங்கேதானே?

ஆமாம், ஏத்தாப்பூர் பக்கம் முத்துமலை முருகன், 146 அடி. பத்துமலை முருகன் 140. கும்பாபிஷேகம் 2022 ஏப்ரலில் நடந்தது. ஆத்தூர் சாலையில் இருப்பதால் தியாகனூர், ஆறகளூரோடு சேர்த்து ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கல் தரை கொதிக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்கு 70 வயது அம்மாவைக் கூட்டிவரலாமா, அண்ணா?

மலை உச்சிவரை ஏறி நடக்க வேண்டியதில்லை, வண்டி கிட்டத்தில் போகும். கோயில் 5,326 அடி உயரத்தில் இருக்கிறது, பனியும் காற்றும் அடிக்கும். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் என்றால் கோபுரம் எதிர்பார்க்காதீர்கள், அது ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மலைவாழ் மக்களின் குலசாமி, மே மாதம் திருவிழா. முழங்கால் வலி என்றால் அம்மா வாசலிலிருந்தே கும்பிடட்டும், சேர்வராயன் கோபிக்க மாட்டார்.

மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

தட்டுவடை செட் எங்கே நன்றாக இருக்கும்?

சாயங்காலம் தள்ளுவண்டியில் கூட்டம் நிற்கிற இடத்தில். கேட்டதும் பீட்ரூட், கேரட்டைத் துருவி இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைத்துத் தருகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், முன்னாடியே அடுக்கி வைத்திருந்தால் தட்டுவடை நமத்துப் போயிருக்கும்.