அஞ்சாம் மாசத்துல மீல் மேக்கர் சாப்பிடலாமா? – பதில்
சிஸ், வாரத்துல ரெண்டு நாள் மீல் மேக்கர் (சோயா உருண்டை) குருமா சாப்பிட்டதுக்கா இவ்ளோ பயம்? அதுல "ஹார்மோன்" இருக்குன்னு உங்க நாத்தனார் சொன்னதா எழுதிருக்கீங்களே, அது சோயால இயற்கையாவே இருக்கற ஐசோஃப்ளேவோன்ங்கற பொருள்தான், அது ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மாதிரி இருக்கும் ஆனா அதோட வீரியம் ரொம்பக் கம்மி, ஜப்பான்ல எல்லாம் மாசமா இருக்கறவங்க சோயால செஞ்ச டோஃபு, மிசோ சூப்னு வழக்கமா சாப்பிடறாங்க. சாப்பாட்டு அளவுல பயப்பட ஒண்ணுமில்ல, புரோட்டீனும் நல்லா கிடைக்கும்.

ஆனா முகம் பளபளப்பா ஆகும்னு ஃப்ரெண்டு குடுத்தாங்கன்னு சொன்னீங்களே அந்த சோயா கேப்ஸ்யூல், அத முதல்ல நிறுத்துங்க. சாப்பாட்டுல வர்றது வேற, ஐசோஃப்ளேவோன பிரிச்சு எடுத்து அதிக டோஸ்ல அடைச்சு வச்சது வேற, கர்ப்பத்துலயும் பால் குடுக்கும்போதும் அது பாதுகாப்புன்னு சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இல்ல. டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க.

இன்னொண்ணு, நீங்க தைராய்டு மாத்திரை போடறீங்கன்னு கடைசி வரில எழுதிருக்கீங்க (அதத்தான் முதல்ல எழுதிருக்கணும்!). சோயா அந்த மாத்திரை உடம்புல சேர்றத குறைக்கும், அதனால காலைல வெறும் வயித்துல மாத்திரை, சோயா மதியத்துக்கு மேலன்னு ஒரு நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

பால் குடுக்கறப்பவும் சாப்பிடலாம், தாய்ப்பால்ல கொஞ்சூண்டுதான் கலக்கும். பாப்பா மலத்துல ரத்தம், சளி தெரிஞ்சா மட்டும் அலர்ஜியான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க.