தோரின் தொந்தி

வணக்கம் சார்,

'காட் ஆஃப் வார் ரேக்னராக்' வீடியோ விளையாட்டை இப்போதுதான் முடித்தேன். மார்வெல் படங்களில் வரும் தோரை, அதாவது வடஐரோப்பியப் புராணத்து இடிதெய்வத்தை, மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்குப் பெரிய அதிர்ச்சி. தொந்தியும் சிவப்புத் தாடியுமாக இருக்கிறான். குடிக்கிறான், செத்துப்போன மகன்களை நினைத்துப் புழுங்குகிறான். ஒரு தெய்வத்தை இப்படிக் கேவலப்படுத்தலாமா? மூலக்கதையில் தோர் எப்படித்தான் இருக்கிறான்?

க.

அன்புள்ள க.,

2021இல் தோரின் உருவத்தை வெளியிட்டபோதே இந்தத் தொந்திக்காக இணையத்தில் சண்டை நடந்தது. என்னைக் கேட்டால், விளையாட்டு மூலத்தை ஒட்டிவரும் இடமே அதுதான். சிவப்புத் தாடி ஐஸ்லாந்துப் பழங்கதைகளில் இருக்கிறது. பொன்னிறத் தலைமுடி காமிக்ஸ்காரர்கள் உபயம்.

சாப்பாட்டு விஷயத்தில் கேட்கவே வேண்டாம். த்ரிம் என்ற ராட்சசன் தோரின் சுத்தியலைத் திருடிக்கொண்டு, ஃப்ரேயா என்ற பெண்தெய்வத்தைக் கட்டிக்கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். தோருக்கே மணப்பெண் வேடமிட்டு, முக்காடு போட்டு அனுப்பிவைக்கிறார்கள். விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுவிட்டு மூன்று பீப்பாய் மதுவையும் காலி செய்கிறாள். மாப்பிள்ளை மிரண்டுபோகிறான். தோழி வேடத்தில் பக்கத்திலிருக்கும் தந்திரக்காரன் லோகிதான் சமாளிக்கிறான்: "உங்கள் மேல் இருந்த ஆசையில் எட்டு ராத்திரியாக அவள் சாப்பிடவே இல்லை." சுத்தியல் மணப்பெண்ணின் மடிக்கு வந்ததும் அந்த வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

இப்படியெல்லாம் கதை சொல்வதால் மரியாதை இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் தோரின் சுத்தியல் வடிவப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்ட மக்கள். டென்மார்க்கில் கிடைத்த, பதக்கம் வார்க்கும் ஒரு கல் அச்சில் சிலுவையும் சுத்தியலும் அடுத்தடுத்துச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர் எதைக் கேட்டாலும் வார்த்துக் கொடுக்கலாம், நல்ல வியாபாரி! அப்புறம், நாம் மூலம் என்று சொல்லும் நூல்களில் ஒன்றான 'எட்டா' என்ற புராணத் தொகுப்பை ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதியது 1220ஐ ஒட்டி. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி அதற்குள் இரு நூற்றாண்டு ஆகிவிட்டது. அவரும் கிறிஸ்தவர்தான்.

விளையாட்டு உண்மையில் கைவைத்தது மகன்கள் விஷயத்தில். 2018இல் வந்த முந்தைய பாகத்தில் தோரின் மகன் மாக்னியை விளையாட்டின் நாயகன் க்ராடோஸ் கொல்கிறான், இன்னொரு மகன் மோதியை க்ராடோஸின் மகன் அட்ரியஸ் கொல்கிறான். எட்டாவில் இது தலைகீழ். உலகமே அழியும் ரேக்னராக் போரில் தோர் உலகப்பாம்பைக் கொன்று, அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து விழுந்து சாகிறான். பிழைத்திருக்கும் மகன்கள் இருவருக்கும் சுத்தியல் போய்ச் சேர்கிறது.

மாக்னியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஹ்ருங்னிர் என்ற ராட்சசனைத் தோர் கொல்கிறான், ஆனால் செத்து விழுந்தவனின் கால் தோரின் கழுத்தின் மேல் கிடக்கிறது. தேவர்கள் அத்தனை பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. பிறந்து மூன்று இரவே ஆன மாக்னி வந்து அதைத் தூக்கிப் போடுகிறான். "லேட்டாக வந்துவிட்டேனே அப்பா, இவனை என் முஷ்டியாலேயே முடித்திருப்பேன்" என்கிறான். தோர் பூரித்துப்போய் ராட்சசனின் குதிரையை மகனுக்குக் கொடுத்துவிடுகிறான். தோரின் தகப்பன் ஒடினுக்கு அது பொறுக்கவில்லை: நல்ல குதிரையை அப்பனுக்குத் தராமல் ஒரு ராட்சசியின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாயே!

விளையாட்டில் ஒடின் தோரை அடியாளாகவே வைத்திருக்கிறான். கடைசியில் தோர் சுத்தியலைக் கீழே போட்டு 'போதும்' என்றதும் பெற்ற பிள்ளையையே குத்திக் கொல்கிறான். இதற்கான விதை எட்டாவில் அந்தக் குதிரைக்கான முணுமுணுப்பிலேயே இருக்கிறது என்பேன். பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன், இன்னமும் தன் தகப்பனுக்குப் பயந்து கிடக்கிறான். எனக்கு இந்தத் தோர் பிடித்துத்தான் இருந்தது.

வருத்தம் ஒன்றுதான். மணப்பெண் வேடத்தில் எருது தின்றவன் இவனுக்குள் இல்லை. இவன் கிண்டலடித்தால்கூடச் சிரிப்பு வருவதில்லை, பயம்தான் வருகிறது. தொந்தியைக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம். யாரோடாவது சண்டை போடுவதானால் அதற்காகப் போடுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.