பிளேடு சர்வரின் இரண்டு போர்ட்டுகளை ஒன்றாக்கலாமா?

கேள்வி: எங்கள் சேஸிஸில் (பல சர்வர்களைச் செருகும் பொதுக் கூடு) உள்ள பிளேடு சர்வர்களில், மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேர் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐ இயங்குகிறது. ஒவ்வொரு பிளேடிலும் உள்ள இரண்டு 10 கிகாபிட் போர்ட்டுகளில் ஒன்று முதல் சுவிட்ச் மாட்யூலுக்கும் மற்றது இரண்டாம் மாட்யூலுக்கும் செல்கிறது. இரண்டையும் சேர்த்து 20 கிகாபிட் பெற எண்ணி, மெய்நிகர் சுவிட்சில் ஐபி ஹேஷ் முறையைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பிறகு பல மெய்நிகர் கணினிகளில் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. வி-லேன் (ஒரே வலையமைப்புக்குள் பிரித்த தனிப்பகுதி) 20-இல் உள்ளவற்றிலிருந்து சில முகவரிகளை எட்டவே முடியவில்லை. தவறு எங்கே?

பதில்: உங்களுக்கு நேர்ந்திருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஐபி ஹேஷ் முறையில் ஒரே மெய்நிகர் கணினியின் ஃபிரேம்கள் (தரவுத் துண்டுகள்), சேருமிடத்தின் ஐபி முகவரியைப் பொறுத்து, இரண்டு போர்ட்டுகள் வழியாகவும் வெளியேறும். மறுமுனையில் இருப்பவை ஒன்றையொன்று அறியாத இரு மாட்யூல்கள் என்றால், ஒரே மேக் முகவரி (வலை அட்டையின் அடையாள எண்) இப்போது இங்கே, அடுத்த நொடி அங்கே என்று தென்பட்டு, திரும்பி வரும் ஃபிரேம்கள் திசைமாறும். இணைப்புத் தொகுப்பின் மறுமுனை ஒரே சுவிட்சில், அல்லது ஸ்டாக், எம்-லேக் போன்ற ஏற்பாட்டால் ஒன்றாகவே நடந்துகொள்ளும் இரு சுவிட்சுகளில் முடிய வேண்டும் என்பது மீற முடியாத விதி. இரு முனைகளும் பேசிக்கொண்டு தொகுப்பை அமைக்கும் எல்ஏசிபி நெறிமுறை இதற்கு மாற்றாகாது. விஎம்வேரின் சாதாரண மெய்நிகர் சுவிட்சில் அந்த வசதியே இல்லை. மேலும், தொகுப்பு சரியாக அமைந்தாலும் ஒரு தனி டிசிபி இணைப்பு 10 கிகாபிட்டைத் தாண்டாது, ஏனெனில் வரிசை குலையாதிருக்க அதன் ஃபிரேம்கள் அனைத்தும் ஒரே கம்பியில்தான் அனுப்பப்படுகின்றன.

ஆகவே பிளேடின் பக்கம் மெய்நிகர் போர்ட் எண்ணை அடிப்படையாகக் கொண்ட முறைக்கே திரும்புங்கள். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ஒரு போர்ட்டில் நிலைத்திருந்து, அது அறுந்தால் மற்றதற்கு மாறும். எல்ஏசிபி தொகுப்பை ஒவ்வொரு மாட்யூலுக்கும் மைய சுவிட்சுக்கும் இடையிலான அப்லிங்க்குகளில் அமையுங்கள். அப்போது ஒன்றை மறக்கலாகாது: மாட்யூலின் அப்லிங்க்குகள் எல்லாம் அறுந்தாலும் பிளேடை நோக்கிய உள் போர்ட் உயிருடன் இருப்பதால், ஈஎஸ்எக்ஸ்ஐ எதையும் அறியாமல் ஃபிரேம்களை அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். அப்லிங்க் விழுந்தால் உள் போர்ட்டையும் இறக்கிவிடும் லிங்க் ஸ்டேட் டிராக்கிங் வசதியை (விர்ச்சுவல் கனெக்ட் மாட்யூல்களில் இதன் பெயர் ஸ்மார்ட்லிங்க்) கட்டாயம் இயக்குங்கள்.

வி-லேன் 20 பெரும்பாலும் ஒரு மாட்யூலில் விடுபட்டிருக்கிறது. ஹேஷ் அந்தப் பக்கம் தள்ளிய முகவரிகள் மட்டும் எட்டாமல் போவது அதனால்தான். போர்ட் குரூப்பில் (மெய்நிகர் சுவிட்சில் கணினிகள் இணையும் குழு) 20 என்று குறித்தால் டேக் (ஃபிரேமில் வி-லேன் எண்ணைக் காட்டும் குறி) இடுவது மெய்நிகர் சுவிட்சின் வேலை. 4095 என்று குறித்தால் மட்டுமே விருந்தினர் இயங்குதளம் (மெய்நிகர் கணினிக்குள் இயங்குவது) தானே டேக் இட வேண்டும். அந்த டேக்கை உள் போர்ட், மாட்யூலின் அப்லிங்க், மைய சுவிட்ச் ஆகிய மூன்றும், இரு மாட்யூல்களின் பாதையிலும், அனுமதிக்க வேண்டும். வி-லேன்களை அனுமதிக்கும் சிஸ்கோ வகைக் கட்டளைகளில் 'ஆட்' (add) என்ற சொல்லை விட்டுவிட்டால், புதிய வி-லேன் சேர்வதற்குப் பதிலாகப் பழைய பட்டியலே அழிந்துவிடும். நேட்டிவ் வி-லேனில் டேக் இல்லாமல் வருவதற்கான போர்ட் குரூப்பில் எண் 0 ஆகவே இருக்க வேண்டும்.

வி-லேனை முதலில் சரிசெய்துவிட்டு முறையை மாற்றுங்கள். இல்லையெனில் வி-லேன் விடுபட்ட மாட்யூலில் அமரும் வி-லேன் 20 கணினிகள் முழுமையாகவே துண்டிக்கப்படும். பிறகு, பராமரிப்பு நேரத்தில் ஒரு மாட்யூலின் அப்லிங்க்குகளைக் கழற்றி, ஒவ்வொரு வி-லேனிலிருந்தும் பிங் செய்து பாருங்கள். மற்ற மாட்யூலுக்கும் அவ்வாறே செய்யுங்கள்.