கிளிமஞ்சாரோ ஏற 5 நாள் போதுமா?

கேள்வி: தான்சானியா போய்க் கிளிமஞ்சாரோ ஏற ஆசை. தினமும் ஓடிப் பழகிய உடம்பு. மராங்கு வழியில் 5 நாள் திட்டம் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? கயிறு பிடித்து ஏறக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: கயிறு வேண்டாம், அந்த வழி முழுக்க நடைதான். ஆனால் 5 நாள் திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். பூங்காக் கட்டணத்தை நாள் கணக்கில் வாங்குகிறார்கள், ஒரு நாள் குறைந்தால் விலையும் குறைகிறது, அவ்வளவுதான்.

உச்சி 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. அதற்கு உடம்பு பழக நாள்தான் வேண்டும், ஓட்டப் பயிற்சியால் அதைச் சுருக்க முடியாது. 5 நாள் திட்டத்தில் முதல் இரவு மண்டாரா குடில் (2,720 மீட்டர்), மறுநாள் ஹொரோம்போ குடில் (3,720), மூன்றாம் நாள் கிபோ குடில் (4,720) போய்ச் சேர்ந்து, கண்ணயர்ந்தோமா இல்லையா என்பதற்குள் நள்ளிரவில் எழுப்பி உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். 6 நாள் என்றால் ஹொரோம்போவில் இன்னோர் இரவு கிடைக்கும். பகலில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வரிக்குதிரைப் பாறை வரை ஏறிவிட்டு, கீழே வந்து தூங்கலாம். உடம்புக்கு அது பெரிய உதவி.

நள்ளிரவில் கிளம்புவதற்கும் காரணம் இருக்கிறது: குளிரில் சரளை இறுகிக் கிடக்கும், வெயில் ஏறினால் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். விடியும் நேரத்தில் கில்மன் முனைக்கு (5,685) வந்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், எரிமலை வாய் விளிம்பிலேயே நடந்து உச்சியான உஹுரு சேர இன்னும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும்.

லேசான தலைவலி, குமட்டல் பலருக்கும் வரும், வந்ததும் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் உடனே இறங்கிவிட வேண்டும், இத்தனை பணம் கட்டியிருக்கிறோமே என்று மறைத்து ஏறுவதுதான் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: உச்சிக்குப் போகும் இரவில் குடிதண்ணீர் உறைந்துவிடுமாமே?

பதில்: ஆமாம், பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் குழாய்தான் முதலில் அடைத்துக்கொள்ளும். அகன்ற வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், அதனால் மூடிப்பக்கம் திறக்க வரும். அப்புறம், செல்போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.